“தே” என்றால் யார்? ஆங்கில எழுத்தில் பிரதிப்பெயர் மயக்கமும் அதற்குச் சொல்லப்பட்ட விடைகளும்

மன்னார் மாவட்டத்தின் மிகப் பெரிய குளம் கட்டுக்கரை. அருவி ஆற்றின் நீரைத் தேக்கம் என்ற இடத்தில் மறித்துத் திருப்பி அதை நிரப்புகிறார்கள். துருசு வழியே இறங்கும் நீர் வயல்களுக்கும், வாய்க்கால்களோடு தொடுக்கப்பட்ட பல சிறு குளங்களுக்கும் போகிறது. துருசை எந்த நாளில் திறப்பது, சிறுபோகத்தில் எவ்வளவு காணி விதைப்பது, வாய்க்காலை யார் துப்புரவாக்குவது என்பவை பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானமாகின்றன. கூட்டத்தின் பேச்சு தமிழில். ஆனால் இலங்கை அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தம் ஆங்கிலத்தை நாட்டின் இணைப்பு மொழியாக்கியது. தமிழில் பேசித் தீர்த்த விடயம் கொழும்புக்கோ உதவி நிறுவனம் ஒன்றுக்கோ போகும்போது ஆங்கிலக் கடிதமாக மாறுவது வழக்கம்.

அத்தகைய கடிதத்தில் வரக்கூடிய ஒரு பகுதியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். நீர்ப்பாசனத் திணைக்களம் கமக்காரர் அமைப்பைச் சந்தித்தது என்று முதல் வாக்கியம். “தே” வாய்க்காலைத் துப்புரவாக்க வேண்டும் என்று இரண்டாவது. “இட்” மாத முடிவுக்குள் திருத்தப்படும் என்று மூன்றாவது. ஆங்கில இலக்கணப்படி மூன்றிலும் பிழை இல்லை. ஆனால் துப்புரவாக்க வேண்டியது திணைக்களமா, கமக்காரரா? திருத்தப்படப்போவது வாய்க்காலா, முன்பத்தியில் பேசப்பட்ட துருசா? எழுதியவருக்கு ஐயமில்லை, கூட்டத்தில் இருந்தவர் அவர். கடிதத்தை வாசிப்பவர் கூட்டத்தில் இருந்தவரல்லர்.

இந்த மயக்கத்தைத் தவிர்ப்பது எப்படி என்ற கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. இலக்கண ஆசிரியர்கள், சட்டம் எழுதுவோர், மொழியியலாளர், கணினி அறிஞர் என்று பலரும் விடை சொல்லியிருக்கிறார்கள். அவற்றை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் பலத்தையும் பலவீனத்தையும் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆங்கிலம் எழுதும் தமிழருக்கு இது தனியாக ஆராயத்தக்கது என்பது இதன் நிலைப்பாடு. தமிழில் யார், எது என்ற செய்தியில் பெரும்பங்கை வினைமுற்றின் விகுதி சுமக்கிறது. ஆங்கிலத்துக்குப் போகும்போது அந்தச் சுமை எழுத்தாளரின் தலைக்கு மாறுகிறது. மாறியதை அவர் பெரும்பாலும் உணர்வதில்லை.

தொல்காப்பியம் தொட்ட இடங்கள்

சுட்டுப்பெயரின் இடம் பற்றிய கேள்வி தமிழ் இலக்கணத்துக்குப் புதிதன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கம் இதை நேராகவே எடுத்துக்கொள்கிறது. ஒருவரின் இயற்பெயரும் அவரைக் குறிக்கும் சுட்டுப்பெயரும் தத்தம் வினைகளோடு சேர்ந்து வரும்போது இயற்பெயரே முன் வரவேண்டும், சுட்டுப்பெயர் பின்னேதான் என்பது அதன் விதி. சாத்தன் வந்தான், அவனுக்குச் சோறு கொடு என்பது முறை. வரிசையை மாற்றினால் ‘அவன்’ வேறொருவனாகிவிடும். செய்யுளில் சுட்டு முன்னே வரலாம் என்ற விலக்கு அடுத்த நூற்பாவில் வருகிறது. அதனால் என்பது போன்ற, சுட்டில் தொடங்கும் காரணச் சொற்களுக்கும் இதே ஒழுங்கு பொருந்தும் என்று அதையடுத்த நூற்பா விரிக்கிறது.

இந்த மூன்றாவது செய்தி ஆங்கிலம் எழுதுவோருக்கு நெருக்கமானது. முன் சொன்ன செயல் முழுவதையும் “திஸ்” என்ற ஒரே சொல்லால் சுட்டிவிட்டு, அதிலிருந்து காரணமோ விளைவோ சொல்வது ஆங்கில அறிக்கைகளில் மிகவும் காணப்படும் மயக்கம். பெயரைச் சுட்டுவதையும் நிகழ்வைச் சுட்டுவதையும் அடுத்தடுத்து வைத்து ஆராய்ந்த பழைய இலக்கணம் அந்த இடத்தைச் சரியாகவே தொட்டிருக்கிறது.

இன்னொரு நூற்பாவும் இங்கே கருதத்தக்கது. தெரிவது மனிதர்தான், ஆனால் ஆணா பெண்ணா என்று ஐயம் இருந்தால் பன்மையால் சொல்ல வேண்டும் என்கிறது கிளவியாக்கம். ஆங்கிலத்தில் பால் தெரியாத ஒருவரை “தே” என்று சொல்லலாமா என்ற நெடுங்காலச் சண்டையில் ஒரு பக்கத்தார் சொல்லும் தீர்வு இதனோடு பெரிதும் ஒத்துப்போகிறது.

இந்த விடைக்கு எல்லையும் உண்டு. தொல்காப்பிய விதி வரிசையைப் பற்றியது. இரண்டு இயற்பெயர்கள் முன்னே வந்துவிட்டால் பின்வரும் ‘அவன்’ எவனைக் குறிக்கும் என்பதற்கு வரிசை விதி மட்டும் விடை தராது. கட்டுக்கரைக் கடிதத்தின் சிக்கலே அதுதான்: அங்கே பெயர்கள் முன்னேதான் நிற்கின்றன, ஒன்றுக்கு இரண்டாக நிற்கின்றன.

ஆங்கில இலக்கண ஆசிரியர்கள்: அருகில் உள்ள பெயர்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கில நடைக்கு விதி வகுக்கத் தொடங்கியவர்கள் தெளிவை முதல் அறமாக வைத்தார்கள். ஸ்கொட்லாந்து அறிஞர் ஜோர்ஜ் கம்பெல் 1776இல் வெளியிட்ட சொல்லாட்சித் தத்துவ நூலில் ஈரடியாகப் பொருள்படும் எழுத்துக்குத் தனி இடம் கொடுத்தார். லிண்ட்லி மரே 1795இல் வெளியிட்ட இலக்கணம் பள்ளிகளில் பல தலைமுறைகளுக்குப் பாடநூலாக இருந்தது. 1818இல் வில்லியம் கொபெட் தம் மகனுக்கு எழுதும் கடிதங்களாக ஓர் இலக்கணம் எழுதினார். “இட்” என்ற சொல்லைத் தாளில் வைக்குமுன் அது எதைக் குறிக்கிறது என்று நன்றாக யோசி என்பது அதில் அவர் திரும்பத் திரும்பச் சொன்ன பாடம். உழவர் குடும்பத்தில் பிறந்து படைவீரராக இருந்த கொபெட், தெளிவான எழுத்து எளிய மக்களின் உரிமை என்று கருதியவர். அதிகாரத்தில் இருந்தவர்களின் உரைகளையே பிழைகாட்டும் பாடமாக எடுத்துக்கொண்டார்.

இந்த மரபிலிருந்து வகுப்பறைக்கு வந்து சேர்ந்த விதி எளியது: பிரதிப்பெயர் தனக்கு மிக அருகில் முன்னே நிற்கும் பொருத்தமான பெயரைக் குறிக்கும், எனவே அப்படியே எழுது. சட்ட உரையாடலிலும் இதற்கு இணையான இலத்தீன் முதுமொழி உண்டு. இந்த விதியின் நன்மை, எழுதுபவரைத் திரும்பிப் பார்க்கவைப்பது. குறை, வாசகர் உண்மையில் இப்படி வாசிப்பதில்லை என்பது. ஆசிரியர் மாணவனை அழைத்தார், பின்பு “ஹீ” வகுப்பைத் தொடங்கினார் என்று ஆங்கிலத்தில் எழுதினால் அருகில் உள்ள பெயர் மாணவன். ஆனால் வகுப்பைத் தொடங்குபவர் ஆசிரியர் என்று வாசகர் தயங்காமல் கொள்வார். அருகாமையைவிட எழுவாயின் முதன்மையும் உலக அறிவும் வலியவை. அருகாமை விதியை மட்டும் நம்பி எழுதியவர் தாம் தெளிவாக எழுதிவிட்டதாக நினைக்கும் இடத்திலேயே வாசகர் வேறு ஆளை எடுத்துக்கொள்ளலாம்.

சட்ட எழுத்து: பெயரையே திரும்பச் சொல்

தவறான வாசிப்பின் விலை அதிகமாக உள்ள துறை சட்டம். அங்கே பழைய தீர்வு, பிரதிப்பெயரைக் கூடியவரை ஒதுக்கிப் பெயரையே மறுபடி சொல்வது. ஒப்பந்தத்தில் ‘கொடுப்பவர்’, ‘பெறுபவர்’ என்று முதலில் வரையறுத்துவிட்டு ஒவ்வொரு வாக்கியத்திலும் அதையே சொல்வது இந்த முறைதான். நடை கனக்கும், ஆனால் வழக்கு குறையும்.

இந்த மரபின் இன்னொரு பிள்ளை “தி சேம்”, “தி செட்” என்ற சொற்கள். மேற்சொன்ன, அதே என்ற பொருளில் இவை பிரதிப்பெயர் வேலையைச் செய்கின்றன. இலங்கை, இந்திய அலுவலக ஆங்கிலத்தில் இவை இன்றும் உயிரோடு இருக்கின்றன. விண்ணப்பத்தையும் இணைப்பையும் பற்றிச் சொல்லிவிட்டு “தி சேம்” என்பதைத் திருப்பி அனுப்பவும் என்று எழுதுவது வழமை. கேட்பதற்குத் துல்லியமாக ஒலிக்கும் சொல். துல்லியத்துக்கு அதனிடம் எந்த உத்தரவாதமும் இல்லை.

அதற்கு அமெரிக்க அரசியலமைப்பே சான்று. சனாதிபதி இறந்தாலோ பதவி நீங்கினாலோ என்ன நடக்கும் என்று கூறும் பகுதி, பதவியையும் அதன் அதிகாரங்களையும் கடமைகளையும் குறிப்பிட்டுவிட்டு “தி சேம்” துணைச் சனாதிபதியைச் சேரும் என்கிறது. சேர்வது பதவியா, அதிகாரமும் கடமையும் மட்டுமா? 1841 ஏப்ரலில் வில்லியம் ஹென்றி ஹரிசன் பதவியேற்று ஒரு மாதத்தில் இறந்தபோது இந்தக் கேள்வி நேரில் வந்து நின்றது. துணைச் சனாதிபதி ஜோன் டைலர், பதவியே தம்மைச் சேர்ந்தது என்று உறுதியாக நின்று சனாதிபதியாகப் பதவியேற்றார்; பதில் கடமையாற்றுபவர் மட்டுமே என்று சொன்னவர்களும் இருந்தார்கள். டைலரின் முன்னுதாரணம் நடைமுறையாயிற்று. ஆனால் எழுத்தில் ஐயம் தீர்ந்தது 1967இல், 25ஆவது திருத்தம் துணைச் சனாதிபதி சனாதிபதியாவார் என்று வெளிப்படையாகச் சொன்னபோதுதான். கேள்வி எழுந்த பின்பும் ஒரு சுட்டுச்சொல் 126 ஆண்டுகள் திறந்தபடி இருந்தது.

சட்டம் எடுத்த மற்றொரு வழி, பொருள்கோளைச் சட்டத்தாலேயே நிறுவுவது. பிரித்தானியப் பாராளுமன்றம் 1850இல் இயற்றிய சட்டம், ஆண்பாற் சொற்கள் பெண்ணையும் உள்ளடக்கும் என்றது. இந்தியாவின் 1897ஆம் ஆண்டுப் பொது வாசகங்கள் சட்டமும் இலங்கையின் 1901ஆம் ஆண்டுப் பொருள்கோடல் கட்டளைச் சட்டமும் அதே வழியைப் பின்பற்றின. இந்த ஏற்பாடு எவ்வளவு தாங்கும் என்பது 1868இல் சோதிக்கப்பட்டது. சோர்ல்ற்றன் எதிர் லிங்ஸ் வழக்கில், வாக்குரிமைச் சட்டத்தில் வரும் ஆண்பாற் சொல் பெண்களை உள்ளடக்காது என்று ஆங்கிலேய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொது விதி இருந்தும் சொல்லின் எல்லையை நீதிபதிகளே வரைந்தார்கள். பெயரை மறுபடி சொல்வதோ பொது வரையறை எழுதுவதோ மயக்கத்தைக் குறைக்கும். அறவே நீக்காது என்பதே இந்த வரலாறு தரும் பாடம்.

மொழியியலாளர்: அமைப்பும் கவனமும்

1960களிலிருந்து கேள்வியின் வடிவம் மாறியது. எப்படி எழுத வேண்டும் என்பதற்குப் பதிலாக, கேட்பவர் எப்படிப் புரிந்துகொள்கிறார் என்று மொழியியலாளர் கேட்கத் தொடங்கினார்கள். ரொனால்ட் லங்காக்கர் முதலியோர் சுட்டுப்பெயர் எந்த நிலையில் பெயருக்கு முன்னே வரலாம் என்று ஆராய்ந்தார்கள். இஸ்ரேலிய அறிஞர் தான்யா ரைன்ஹார்ட், முன்பின் வரிசையைவிட வாக்கியத்தின் படிநிலை அமைப்பே முக்கியம் என்று 1976இல் தம் ஆய்வேட்டில் வாதிட்டார். இலக்கணம் சில உறவுகளைத் தடுக்கிறது என்பதை இந்த மரபு நன்றாக விளக்கியது. தடுக்கப்படாத பல வாய்ப்புகளுக்குள் வாசகர் எதைத் தேர்கிறார் என்பது அதன் எல்லைக்கு வெளியே நின்றது.

அந்த இடத்தை உளமொழியியல் எடுத்துக்கொண்டது. கத்தரின் கார்வியும் அல்பொன்சோ கரமாசாவும் 1974இல் வெளியிட்ட ஆய்வு, காரணம் யாரிடம் இருக்கும் என்ற எதிர்பார்ப்பை வினைச்சொல்லே உண்டாக்குகிறது என்று காட்டியது. ஒருவர் மற்றவரைப் பாராட்டினார், ஏனெனில் “ஹீ” என்று தொடங்கினால் மனம் பாராட்டப்பட்டவரை நோக்கிப் போகிறது. ஒருவர் மற்றவரிடம் மன்னிப்புக் கேட்டார், ஏனெனில் “ஹீ” என்றால் கேட்டவரை நோக்கிப் போகிறது. வாக்கியங்களின் அமைப்பு ஒன்றுதான்; வினை மாறியதும் ஆள் மாறிவிட்டார். முதலில் சொல்லப்பட்டவர் வாசகரின் நினைவில் முன்நிற்கிறார் என்று மோர்ட்டன் கெர்ன்ஸ்பக்கரும் டேவிட் ஹார்க்ரீவ்சும் 1988இல் காட்டினார்கள்.

இவற்றை ஒரு கோட்பாட்டுக்குள் கொண்டுவர முயன்றவர்களில் புனேயில் பிறந்து பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அரவிந்த் ஜோஷியும் ஒருவர். பார்பரா குரோஸ், ஸ்கொட் வைன்ஸ்ரைன் ஆகியோருடன் 1995இல் அவர் வெளியிட்ட மையக் கோட்பாட்டின்படி, எழுத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் ஆளோ பொருளோ கவனத்தின் மையத்தில் இருக்கும். பிரதிப்பெயர் முதலில் அந்த மையத்துக்கே உரியது. மையத்தை மாற்றாமல் பிரதிப்பெயரை மட்டும் வேறொருவருக்குக் கொடுத்தால் வாசகர் தடுமாறுவார். எழுதுவோருக்கு இதுவரை கிடைத்தவற்றுள் மிகவும் பயன்படும் விளக்கம் இதுவென்றே தோன்றுகிறது. ‘அருகில் என்ன பெயர் நிற்கிறது’ என்ற கேள்வியை இது ‘இப்போது வாசகர் மனத்தில் யார் நிற்கிறார்’ என்று மாற்றித் தருகிறது. ஆயினும் எழுவாய்க்கு இதில் தரப்படும் முதன்மை எல்லா மொழிகளுக்கும் ஒரே அளவில் பொருந்துமா என்பதில் ஒருமித்த கருத்தில்லை.

கணினி காட்டியது

1970களின் தொடக்கத்தில் கணினி அறிஞர் ரெரி வினோகிராட் தந்த எடுத்துக்காட்டு கணினி மொழியாய்வில் புகழ்பெற்றது. நகரசபை உறுப்பினர்கள் ஆர்ப்பாட்டக்காரருக்கு அனுமதி மறுத்தார்கள், ஏனெனில் “தே” வன்முறைக்கு அஞ்சினார்கள் என்றால் அஞ்சியவர் உறுப்பினர். வன்முறையை ஆதரித்தார்கள் என்று ஒரு வினையை மாற்றினால் ஆதரித்தவர் ஆர்ப்பாட்டக்காரர். இலக்கணம் எங்கும் மாறவில்லை. உலகைப் பற்றிய அறிவுதான் ஆளைத் தேர்கிறது. இவ்வகை வாக்கியங்களை இயந்திர அறிவுக்குச் சோதனையாக வைக்கலாம் என்று ஹெக்டர் லெவெக் 2011இல் முன்மொழிந்தார். 2016இல் நடந்த போட்டியில் சிறந்த நிரலே 60 விழுக்காட்டை எட்டவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் பெரிய மொழி மாதிரிகள் ஏறத்தாழ 90 விழுக்காட்டைத் தொட்டன.

இதை வைத்துச் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று சொல்வது அவசரம். 2018இல் வெளியான இரண்டு ஆய்வுகள், பிரதிப்பெயரைப் பொருத்தும் நிரல்கள் தொழிலைப் பார்த்துப் பாலை ஊகிக்கின்றன என்று காட்டின. மருத்துவர் என்றால் ஆண், தாதி என்றால் பெண் என்ற பழக்க ஊகம் அவற்றில் படிந்திருந்தது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு இயந்திர மொழிபெயர்ப்பைப் பயன்படுத்துவோருக்கு இது நேரடியாகப் படும். ‘பொறியியலாளர் வந்தார்’ என்ற தமிழ் வாக்கியத்தில் பால் இல்லை. ஆங்கிலம் “ஹீ” என்றோ “ஷீ” என்றோ கேட்கும்போது இயந்திரம் ஒன்றைத் தானே நிரப்பிவிடக்கூடும்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு: இழப்பும் வரவும்

மேலே சொன்ன விடைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. தமிழர் எழுதும் ஆங்கிலத்தில் மயக்கம் வேறு வாசல்கள் வழியாகவும் நுழைகிறது. குறைந்தது நான்கைப் பிரித்துக் காணலாம்.

முதலாவது வினைவிகுதி. வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தன என்று தமிழ் வினைமுற்றே ஆளையும் திணையையும் எண்ணையும் மரியாதையையும் சொல்கிறது. எழுவாயை விட்டுவிட்டாலும் வாக்கியம் நிற்கும். ஆங்கிலத்தின் இறந்தகால வினை இவற்றில் எதையும் சொல்லாது. தமிழில் இரண்டு இடத்தில் கிடைத்த செய்தி ஆங்கிலத்தில் ஒரே இடத்தில், அந்தச் சின்னப் பிரதிப்பெயரில் மட்டும் தங்குகிறது.

இரண்டாவது ‘தான்’. கண்ணன் முருகனிடம் தான் தோற்றுவிட்டதாகச் சொன்னான் என்றால் தோற்றவன் கண்ணன். அவன் தோற்றுவிட்டதாக என்றால் பெரும்பாலும் வேறொருவன். தமிழ் இரண்டு சொல்லால் பிரிப்பதை ஆங்கிலம் “ஹீ” என்ற ஒன்றுக்குள் அடக்குகிறது. திணைக்களம் சொன்னது, அமைப்பு அறிவித்தது என்று பிறர் கூற்றை எடுத்துச் சொல்லும் அலுவலகக் கடிதங்களில் இந்த இழப்பு மிகவும் உறைக்கிறது. ‘தாங்கள் துப்புரவாக்குவதாக’ என்ற தமிழ்த் தொடரில் இருந்த தெளிவு, “தே” என்று மாறியதும் போய்விடுகிறது.

மூன்றாவது மரியாதை. ‘அவர்’ ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ‘அவர்கள்’ பலருக்கும் மதிப்புக்குரிய ஒருவருக்கும் பொது. எனவே ஆங்கிலத்தில் ஒரு பிரதேச செயலாளரைப் பற்றி எழுதும்போது பால் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் மரியாதை கருதிப் பன்மை போட்டால் செயலகம் முழுவதையும் குறிப்பதாக வாசகர் கொள்ளலாம். மறுபுறம், மரியாதை வேறுபாடு தமிழுக்குத் தெளிவையும் தருகிறது. விவிலியத்தில் இதைக் காணலாம். மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் இயேசு விருந்துண்ட வீட்டைக் கிரேக்க மூலம் அவனுடைய வீடு என்று மட்டும் சொல்கிறது. 1611ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பும் “ஹிஸ்” என்றே விடுகிறது. இயேசு தம்மைப் பின்பற்ற அழைத்த லேவியின் வீடா, இயேசுவின் வீடா? லூக்கா நற்செய்தி அது லேவியின் வீடு என்று தெளிவாகச் சொல்வதால் பெரும்பாலோர் அப்படியே கொள்கிறார்கள். இயேசுவை ‘அவர்’ என்றும் லேவியை ‘அவன்’ என்றும் சொல்லும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு மரபில் இந்த மயக்கத்தை அப்படியே விட முடியாது: ‘அவருடைய’ என்றோ ‘அவனுடைய’ என்றோ ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். மூலத்தில் திறந்திருந்த கதவைத் தமிழின் மரியாதை ஒழுங்கு மூடச்செய்கிறது.

நான்காவது சுட்டு. அ, இ, உ என்ற மூன்று சுட்டுகளில் உகரம் தமிழகப் பேச்சில் வழக்கொழிந்தது. யாழ்ப்பாணப் பேச்சில் உது, உவர், உங்கை என்று இன்றும் வாழ்கிறது. கேட்பவர் பக்கத்தில் உள்ளதைச் சுட்ட அது உதவுகிறது. ஆங்கிலத்தில் “திஸ்”, “தட்” இரண்டே. உங்களிடம் உள்ள படிவத்தையும் எங்களிடம் உள்ள படிவத்தையும் பிரித்துச் சொல்லப் பேச்சில் ஒரு சொல் போதும். ஆங்கிலக் கடிதத்தில் அதைப் பெயர்த்தொடராக விரித்துத்தான் சொல்ல வேண்டும்.

இவற்றையெல்லாம் பிழை என்று பார்ப்பதே தவறு என்னும் நிலைப்பாடும் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா 1999இல் வெளியிட்ட நூலில், யாழ்ப்பாண மாணவர் மேற்கத்திய மொழிகற்பித்தல் முறைகளை எப்படி எதிர்கொண்டார்கள், எப்படித் தம் தேவைக்கு வளைத்துக்கொண்டார்கள் என்று விரிவாக எழுதினார். ஆங்கிலம் எழுதும் உள்ளூரார் தம் மரபையும் குரலையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை என்ற அவரது வாதம் வலுவானது. எனினும் குரல் வேறு, யாரைச் சுட்டுகிறோம் என்பது வேறு. வாய்க்காலைத் துப்புரவாக்கும் பொறுப்பு யாருடையது என்று தெரியாமல் போனால், அந்த இழப்பு எந்த மரபையும் காப்பதில்லை. அறுவடையை நம்பியிருக்கும் கமக்காரர் தலையில்தான் விடிகிறது.

திருத்திப் பார்த்தல்

தொடக்கத்தில் சொன்ன கடிதத்துக்கு இவ்விடைகளைப் பொருத்தினால் ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் போகிறது என்று காணலாம். அருகாமை விதிப்படி “தே” கமக்காரர் அமைப்பைக் குறிக்கும். ஆனால் எழுவாயாக நிற்பது திணைக்களம் என்பதால் வாசகர் அதையும் கொள்ளலாம். அமைப்பு, திணைக்களம் போன்ற கூட்டுப் பெயர்களைப் பிரித்தானிய வழக்கு பன்மையாகவும் ஏற்பதால், ஒருமை பன்மையை வைத்தும் பிரிக்க இயலாது. “தி சேம்”, “தி செட்” உதவாது. “ஃபோர்மர்”, “லற்றர்” என்று முன்னது பின்னது சொல்லலாம். ஆனால் வாசகரைத் திரும்பிப் போய் எண்ணவைக்கும்.

எஞ்சுவன மூன்று. ஒன்று, பெயரை மறுபடி சொல்வது: கமக்காரர் அமைப்பு வாய்க்காலைத் துப்புரவாக்கும். இரண்டு, வாக்கியத்தைத் திருப்பிப் பொறுப்புள்ளவரை எழுவாயாக்குவது: கமக்காரர் அமைப்பு, திணைக்களத்துடன் நடந்த சந்திப்பில், வாய்க்காலைத் துப்புரவாக்க ஒப்புக்கொண்டது. இங்கே பிரதிப்பெயரே தேவைப்படவில்லை, மையமும் மாறவில்லை. மூன்று, எண்ணால் பிரிப்பது: அமைப்பு என்பதற்குப் பதில் கமக்காரர்கள் என்று பன்மையில் எழுதி, திணைக்களத்தை ஒருமையிலேயே நிறுத்தினால் “தே”யும் “இட்”டும் தத்தம் ஆளை அடையும். ஆனால் அதே பத்தியில் வாய்க்கால், துருசு, குளம் ஆகியவையும் இருப்பதால் “இட்” அப்போதும் ஆபத்தானதே. கட்டுக்கரை என்றும் ஜயன்ற்ஸ் டாங்க் என்றும் இரண்டு பெயரால் அழைக்கப்படும் பெருங்குளமும், அதிலிருந்து நீர் பெறும் சிறு குளங்களும் ஒரே கடிதத்தில் வந்தால், ஒவ்வொன்றையும் முழுப் பெயரால் சொல்வதைத் தவிர நம்பகமான வழி இல்லை. பெயர் திரும்ப வந்தால் நடை கெடும் என்ற பள்ளி அச்சம் இங்கே பொருந்தாது. தீர்மானக் குறிப்பில் திரும்ப வரும் பெயர் வாசகருக்குச் செய்யும் உதவி.

எஞ்சும் கேள்விகள்

எந்த ஒரு விடையும் முழுமையானதல்ல என்பதே இந்த மீள்பார்வையின் முடிவு. வரிசை விதி ஒரு பெயர் மட்டும் இருக்கும் இடத்தில் பலிக்கிறது. அருகாமை விதி எழுதியதைத் திரும்பிப் பார்க்கத் தூண்டுகிறது, வாசிப்பை விளக்குவதில்லை. சட்ட மரபின் மறுபடி கூறல் பாதுகாப்பானது. நீண்ட எழுத்தில் கனக்கும். கவனத்தை மையமாகக் கொண்ட மொழியியல் விளக்கம் இவற்றுள் மிக அகலமானது. ஆனால் எழுத்தாளர் வாசகரை அறிந்தவர் என்று அது எடுத்துக்கொள்கிறது. கொழும்பிலோ ஜெனீவாவிலோ இருந்து வாசிப்பவர் மனத்தில் யார் நிற்கிறார் என்று மன்னாரின் முருங்கனில் இருந்து எழுதுபவர் எப்போதும் ஊகிக்க முடியாது.

சில கேள்விகள் திறந்தே இருக்கின்றன. பால் தெரியாத ஒருவருக்கு “தே” என்பதை அமெரிக்க உளவியல் சங்கம் 2019இல் தன் எழுத்து நெறியில் ஏற்றுக்கொண்டது. நியாயத்தில் இது பெரிய முன்னேற்றம். ஒருமையா பன்மையா என்ற புதிய மயக்கத்தை இது எவ்வளவு கொண்டுவரும் என்பது எழுதுபவரின் கவனத்தையே பொறுத்தது. ‘அவர்’ என்ற சொல்லோடு வளர்ந்த தமிழருக்கு இந்த மாற்றம் மற்றவர்களைவிட எளிதாக வரலாம். அதே வேளை மரியாதைப் பன்மையோடு கலந்துபோகவும் கூடும். இயந்திர மொழிபெயர்ப்பு இந்தக் கலப்பைப் பிரிக்குமா, மேலும் மறைக்குமா என்பதும் இப்போது முடிவாகச் சொல்லக்கூடியதன்று.

இதற்கிடையில் வகுப்பறையில் மாற்றக்கூடிய ஒன்று உண்டு. பிரதிப்பெயரை ஆங்கில இலக்கணத்தின் ஒரு பட்டியலாகக் கற்பிப்பதைவிட, தமிழ் வினை செய்துவந்த வேலையை ஆங்கிலத்தில் எது செய்யும் என்ற கேள்வியோடு கற்பிப்பது பயன் தரக்கூடும். ஒரு தமிழ் வாக்கியத்தின் விகுதியிலிருந்தும் ‘தான்’ என்ற சொல்லிலிருந்தும் மாணவர் அறிந்துகொண்ட ஆளை, அதே வாக்கியத்தின் ஆங்கில வடிவில் தேடச்சொல்லலாம். கிடைக்காத இடத்தில் பெயரை எழுதச்சொல்லலாம். தொல்காப்பியத்திலிருந்து மையக் கோட்பாடு வரை சொல்லப்பட்ட விடைகளில் எதை ஏற்றாலும் இந்தப் பயிற்சிக்கு இடமுண்டு.